கொள்கலங்களும் கணினித் திரள்களும்: இணையச் செயலிகளைச் சிப்பமிட்டு இயக்கும் முறை

வயலில் நின்று மழையளவைக் கைபேசியில் பதியும் களப் பணியாளரும், வகுப்பு முடிந்தபின் வருகைப் பதிவை இணையத்தில் ஏற்றும் ஆசிரியரும் இன்று ஒரே வகையான சாதனத்தை நம்பி நிற்கின்றனர். அச்சாதனம் அவர்தம் கையிலுள்ள கைபேசி மட்டுமன்று. கைபேசியிலிருந்து புறப்படும் விவரம் நெடுந்தொலைவிலுள்ள தரவு மையத்தை அடைகின்றது. ஆங்குள்ள சர்வர் என்னும் கணினியில் இயங்கும் இணையச் செயலி அதனை ஏற்று, சரிபார்த்து, சேமித்து வைக்கின்றது. அச்செயலி நின்றுவிடுமாயின் கைபேசி எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளன்று செயலி நின்றால் ஒரு மாணவன் ஓராண்டை இழக்கக் கூடும். பயிர்க் காப்பீட்டிற்குரிய இறுதி நாளன்று நின்றால் ஓர் உழவர் குடும்பம் அப்பருவத்திற்குரிய பாதுகாப்பை இழக்கக் கூடும்.

ஆதலின், இணையச் செயலிகள் எவ்வாறு தயாரித்து அனுப்பப்படுகின்றன, எவ்வாறு இடையறாது இயக்கப்படுகின்றன என்பதனை அறிந்திருத்தல் பொறியியலாளர்க்கு மட்டுமே உரிய காரியமன்று. செயலியைப் பயன்படுத்துவோரும் அதன் அடிப்படைகளை அறிந்திருப்பின், அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பது தெளிவாகும். அவ்வடிப்படைகளை இயன்ற அளவு எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரிடத்தில் இயங்குவது மற்றோரிடத்தில் இயங்காமை

மென்பொருள் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. ஓர் இணையச் செயலியை எழுதுவோர், எல்லாப் பகுதிகளையும் தாமே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிடவும், படத்தைச் சுருக்கவும், தரவுத்தளத்துடன் பேசவும் பிறர் முன்னரே எழுதி வைத்துள்ள துணை மென்பொருள்களை எடுத்தாள்கின்றனர். இவற்றை லைப்ரரி என்பர். ஒரு சாதாரணச் செயலியும் இத்தகைய துணை மென்பொருள்கள் பலவற்றைச் சார்ந்திருப்பது வழக்கம். அவை ஒவ்வொன்றிற்கும் பல பதிப்புகள் உண்டு. ஒரு பதிப்பில் உள்ள வசதி மற்றொரு பதிப்பில் இராது.

இதனால் விளையும் இடர்ப்பாடு யாது? செயலியை எழுதியவரின் கணினியில் அது குறைவின்றி இயங்குகின்றது. அதே செயலியைச் சர்வரில் வைத்தவுடன் இயங்க மறுக்கின்றது. காரணம், எழுதியவரின் கணினியில் ஒரு துணை மென்பொருளின் புதிய பதிப்பும், சர்வரில் பழைய பதிப்பும் இருந்தமையே. புதிய பதிப்பைச் சர்வரில் நிறுவினாலோ, அதே சர்வரில் பழைய பதிப்பை நம்பி இயங்கிக்கொண்டிருந்த வேறொரு செயலி நின்றுவிடுகின்றது. ஒருவர் வீட்டில் முளைத்த விதை மற்றொருவர் நிலத்தில் முளைக்காமைக்கு மண்ணும் நீரும் காரணமாதல் போல, செயலி இயங்குவதற்கும் அதன் சூழ்நிலை காரணமாகின்றது. எனவே, செயலியை மட்டும் அனுப்புதல் போதாது. அதற்கு வேண்டிய சூழ்நிலையையும் உடன் அனுப்ப வேண்டும் என்னும் கருத்து தோன்றிற்று.

கப்பல் துறை காட்டிய வழி

இதனையொத்த இடர்ப்பாட்டை வணிகக் கப்பல்கள் முன்னரே கண்டிருந்தன. மூட்டை, பீப்பாய், பெட்டி எனப் பல வடிவில் வந்த சரக்குகளைத் துறைமுகத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றியும் இறக்கியும் வந்தனர். கப்பல் கடலில் செல்லும் நாட்களுக்கு ஈடாகத் துறைமுகத்தில் காத்து நிற்பதும் உண்டு. மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரி உரிமையாளர், சரக்கினைத் தனித்தனியே கையாளாமல், அதனை அடைத்த பெட்டியையே கையாளும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பின்னர்ப் பெட்டிகளின் அளவுகள் அனைத்துலக அளவில் வரையறுக்கப்பட்டன. 20 அடி, 40 அடி நீளமுள்ள பெட்டிகள் எங்கும் பரவின.

இம்முறையின் சிறப்பு பெட்டியின் உறுதியில் இல்லை; அதன் அளவு ஒன்றுபோல் இருப்பதிலேயே உள்ளது. உள்ளே தேயிலை உள்ளதா, இயந்திரம் உள்ளதா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. பெட்டியின் நான்கு மூலைகளும் ஒரே வகையாக இருப்பின் கப்பல், ரயில், லாரி மூன்றும் அதனை ஏற்றுக்கொள்ளும். மென்பொருளுக்கும் இவ்வாறே ஒரு பெட்டி செய்தல் கூடுமாயின், உள்ளே இருப்பது எம்மொழியில் எழுதப்பட்டது என்று சர்வர் கேட்க வேண்டியதில்லை. அப்பெட்டியே இன்று கொள்கலம் அல்லது கன்டெய்னர் எனப்படுகின்றது.

மென்பொருட் கொள்கலம் யாது?

ஒரு பெரிய கணினியைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழிகளுள் ஒன்று மெய்நிகர் இயந்திர முறையாகும். இதில் ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போன்ற தோற்றம் உண்டாக்கப்படுகின்றது. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி இயக்க முறைமையைச் சுமக்கின்றது. ஒரு மனையில் தனித்தனிச் சமையலறையும் கிணறும் கொண்ட வீடுகள் பல கட்டியதற்கு இதனை ஒப்பிடலாம். பாதுகாப்பு மிகுதி, செலவும் மிகுதி.

கொள்கலம் இதனின் வேறானது. ஒரே கணினியில் உள்ள கொள்கலங்கள் அனைத்தும் கெர்னல் எனப்படும் இயக்க முறைமையின் கருப்பகுதியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. ஒரே கிணற்றைப் பயன்படுத்தும் தனித்தனிக் குடியிருப்புகளை இவை ஒக்கும். முழு இயக்க முறைமையையும் எழுப்ப வேண்டாதாகையால், கொள்கலம் பொதுவாக ஓரிரு நொடிகளில் இயங்கத் தொடங்குகின்றது.

இப்பிரிவினையை லினக்ஸ் கெர்னல் இரண்டு வழிகளில் செய்கின்றது. முதலாவது, பார்வையைக் கட்டுப்படுத்துதல். ஒரு கொள்கலத்திலுள்ள செயலி தன் கோப்புகளையும், தன் இணைய முகவரியையும், தன்னைச் சேர்ந்த பணிகளையும் மட்டுமே காண்கின்றது. அண்டையிலுள்ளவை அதன் கண்ணுக்குப் புலப்படா. இவ்வசதிக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். இரண்டாவது, பங்கீட்டைக் கட்டுப்படுத்துதல். ஒரு கொள்கலம் எவ்வளவு நினைவகத்தையும், எவ்வளவு கணிப்பு ஆற்றலையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்படுகின்றது. இவ்வசதிக்கு சிகுரூப் என்று பெயர். கணிப்பு ஆற்றலின் வரம்பை மீறினால் கொள்கலம் மெதுவாக்கப்படுகின்றது. நினைவகத்தின் வரம்பை மீறினால் நிறுத்தப்படுகின்றது.

இவை ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒரு செயலியின் கோப்புப் பார்வையைச் சுருக்கும் முறை 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமை இதனை விரிவாக்கிச் ‘சிறை’ என்னும் பெயரில் அளித்தது. பங்கீட்டு வரம்பினைக் கூகுள் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கினர். 2008 ஜனவரியில் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. இத்தனை வசதிகளும் இருந்தபோதிலும் அவற்றைக் கையாள்வது வல்லுநர்க்கே இயல்வதாயிருந்தது. 2013 மார்ச்சு மாதம் சாலமன் ஹைக்ஸ் என்பார் டாக்கர் என்னும் கருவியை அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் காட்டினார். அதன்பின் கொள்கலம் எல்லோர்க்கும் எளிதாயிற்று. 2015இல் கொள்கலங்களின் வடிவத்தைப் பொதுத் தரமாக வகுக்கும் அமைப்பு நிறுவப்பெற்றது. ஆதலின் இன்று ஒரு கருவியால் செய்த கொள்கலத்தை வேறொரு கருவியும் இயக்கும்.

படிமம் தயாரிக்கும் முறை

கொள்கலத்திற்கும் படிமத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் அறிதல் நலம். படிமம் என்பது சேமித்து வைக்கப்பட்ட அச்சு. கொள்கலம் என்பது அவ்வச்சிலிருந்து வார்க்கப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் பொருள். ஒரு படிமத்திலிருந்து எத்தனை கொள்கலங்களையும் தோற்றுவிக்கலாம்.

படிமம் செய்வதற்குரிய குறிப்புகள் ஒரு சிறு கோப்பில் வரிசையாக எழுதப்படுகின்றன. எந்த அடிப்படைப் படிமத்திலிருந்து தொடங்க வேண்டும், எந்தத் துணை மென்பொருள்களை எந்தப் பதிப்பில் சேர்க்க வேண்டும், செயலியின் கோப்புகளை எவ்விடத்தில் வைக்க வேண்டும், இறுதியாக எக்கட்டளையால் அதனைத் தொடங்க வேண்டும் என்பன அதில் இடம்பெறும். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு படியும் ஓர் அடுக்காக அமைகின்றது. செயலியில் ஒரு வரி மாறினால் அவ்வடுக்கும் அதற்கு மேலுள்ளவையும் மட்டுமே மீண்டும் செய்யப்படுகின்றன. ஆகவே, அடிக்கடி மாறாதவற்றைக் கீழேயும், அடிக்கடி மாறுவனவற்றை மேலேயும் வைப்பது நல்ல முறையாகும்.

முடிந்த படிமம் ரிஜிஸ்ட்ரி எனப்படும் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றது. ஒவ்வொரு படிமத்திற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட 64 குறிகளைக் கொண்ட அடையாள எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ‘புதியது’ என்பது போன்ற பெயர்ச்சீட்டை மட்டும் நம்பிப் படிமத்தை எடுத்தல் தவறு. நேற்று அச்சீட்டு ஒட்டியிருந்த படிமம் ஒன்று, இன்று ஒட்டியிருப்பது மற்றொன்று ஆகலாம். சோதனையில் தேறிய படிமத்தையே பணியிலும் இயக்குகின்றோம் என்பதற்கு அடையாள எண்ணே சான்று.

கணினித் திரளும் மீகாமனும்

ஒரு கொள்கலத்தை ஒரு கணினியில் இயக்குதல் எளிது. ஆனால் அக்கணினி பழுதுற்றால் என் செய்வது? பயன்படுத்துவோர் பதின்மடங்கு பெருகினால் என் செய்வது? இவற்றிற்கு விடையாகப் பல கணினிகளை ஒன்றிணைத்து ஒரே கணினி போல் நடத்தும் முறை உண்டாயிற்று. அக்கூட்டத்தினைத் திரள் அல்லது கிளஸ்டர் என்பர். அதனை நடத்தும் மென்பொருளின் பணியே ஒருங்கியக்கம்.

கூகுள் நிறுவனம் போர்க் என்னும் மென்பொருளைக் கொண்டு பல்லாண்டுகள் தன் திரள்களை நடத்தி வந்தது. ஒரு வாரத்தில் 200 கோடிக்கு மேற்பட்ட கொள்கலங்களைத் தொடங்குவதாக 2014இல் அந்நிறுவனத்தார் தெரிவித்தனர். அவ்வனுபவத்தின் பயனாகப் புதிதாக எழுதப்பெற்ற குபெர்னெட்டிஸ் என்னும் மென்பொருளை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர். அதன் முதற் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. இப்பெயர் கிரேக்க மொழியில் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துவோனைக் குறிக்கும். தமிழில் மீகாமன் எனலாம். கொள்கலங்களைச் சுமந்த கப்பலுக்கு மீகாமன் தேவை என்பது பொருத்தமே.

திரளில் கணினிகள் இரு வகைப்படும். வேலை செய்யும் கணினிகள் ஒரு வகை. இவற்றை நோடு என்பர். மேற்பார்வை செய்யும் கணினிகள் மற்றொரு வகை. மேற்பார்வைப் பகுதியில் நான்கு உறுப்புகள் முக்கியமானவை. எல்லா வேண்டுகோள்களையும் ஏற்கும் வாயில் ஒன்று. திரளின் நிலை முழுவதையும் பதிந்து வைக்கும் எட்சிடி என்னும் பேரேடு ஒன்று. எக்கொள்கலத்தை எந்நோடில் வைப்பது எனத் தீர்மானிக்கும் ஒதுக்கீட்டாளர் ஒன்று. உள்ள நிலையை இடைவிடாது கண்காணித்துத் திருத்தும் கட்டுப்பாட்டாளர் ஒன்று. ஒவ்வொரு நோடிலும் குபெலெட் என்னும் உதவியாளர் இருந்து, மேலிருந்து வரும் ஆணைப்படி கொள்கலங்களைத் தொடங்கி, அவற்றின் நலத்தை அறிவிக்கின்றது.

பேரேடு ஒரே இடத்தில் இருப்பின் அது அழிந்தால் திரளே நினைவிழக்கும். ஆகையால் அதன் படிகள் பல கணினிகளில் வைக்கப்படுகின்றன. பெரும்பான்மைப் படிகள் ஒப்புக்கொண்டாலன்றி எதுவும் எழுதப்படுவதில்லை. மூன்று படிகள் இருப்பின் ஒன்றின் இழப்பையும், ஐந்து இருப்பின் இரண்டின் இழப்பையும் தாங்கலாம். நான்கு படிகள் வைத்தாலும் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டுமாதலால் ஒன்றின் இழப்பையே தாங்க இயலும். அதனாலேயே ஒற்றைப்படை எண்ணிக்கை விரும்பப்படுகின்றது.

விரும்பிய நிலையும் உள்ள நிலையும்

குபெர்னெட்டிஸின் உயிர்நாடியான கருத்து ஒன்றே. “இதைச் செய், பின்பு அதைச் செய்” என்று அதற்கு ஆணையிடுவதில்லை. “இந்நிலை இருக்க வேண்டும்” என்று மட்டும் எழுதிக் கொடுக்கின்றோம். உள்ள நிலையை அந்நிலைக்குக் கொணர்வது அதன் பொறுப்பு.

மேல்நிலைத் தொட்டியிலுள்ள மிதவை வால்வை நினைத்துப் பார்க்க. நீர் எப்போது, எவ்வளவு செலவாயிற்று என்று அது கணக்கு வைப்பதில்லை. மட்டம் குறைந்தால் திறக்கின்றது, நிறைந்தால் மூடுகின்றது. அவ்வாறே, ஒரு செயலிக்கு நான்கு படிகள் இயங்க வேண்டும் என்று எழுதியிருப்பின், கட்டுப்பாட்டாளர் எண்ணிப் பார்க்கின்றது. மூன்றே இருப்பின் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. ஐந்து இருப்பின் ஒன்றை நீக்குகின்றது.

ஒரு கொள்கலம் தானே நின்றுவிட்டால் அதே நோடில் மீண்டும் தொடங்கப்படுகின்றது. அது திரும்பத் திரும்ப விழுமாயின் இடைவெளி 10 நொடி, 20 நொடி, 40 நொடி எனப் பெருகி, இயல்பான அமைப்பில் 5 நிமிடம் வரை செல்கின்றது. ஒரு நோடு முழுவதும் தொடர்பற்றுப் போனால், இயல்பான அமைப்பில் 5 நிமிடங்கள் பொறுத்து, அதிலிருந்த படிகளுக்கு மாற்றாக வேறு நோடுகளில் புதியன தொடங்கப்படுகின்றன. பொறுத்தல் ஏனெனில், சிறு நேரத் தொடர்புக் குறைவிற்கெல்லாம் படிகளை இடம் மாற்றின் குழப்பமே மிகும்.

கொள்கலங்கள் தனித்தனியே அன்றி, பாட் என்னும் சிறு தொகுதிகளாக வைக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு பாடில் ஒரு கொள்கலமே இருக்கும். பாடுகள் தோன்றியும் மறைந்தும் வருவதால் அவற்றின் முகவரிகள் மாறிக்கொண்டேயிருக்கும். பயன்படுத்துவோர் அதனால் இடருறாதவாறு, சர்வீஸ் என்னும் நிலையான முகவரி ஒன்று முன்னே நிறுத்தப்படுகின்றது. அம்முகவரிக்கு வரும் வேண்டுகோள்கள் அப்போது ஆயத்தமாயுள்ள பாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன.

நெருக்கடி நாள்: ஓர் எடுத்துக்காட்டு

தேர்வு முடிவுகளை வெளியிடும் ஒரு செயலியைக் கருதுவோம். சாதாரண நாட்களில் அதற்கு நான்கு படிகள் போதும். ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கிய கணிப்பு ஆற்றலில் 60 விழுக்காடு அளவிற்கு உழைக்கலாம் என்று குறித்திருக்கின்றோம். முடிவு வெளியாகும் காலை, உழைப்பு 90 விழுக்காடாக உயர்கின்றது. திரள், உள்ள படிகளின் எண்ணிக்கையை உள்ள உழைப்பால் பெருக்கி, விரும்பிய உழைப்பால் வகுக்கின்றது. நான்கினைத் தொண்ணூறால் பெருக்கி அறுபதால் வகுக்க ஆறு வருகின்றது. எனவே மேலும் இரண்டு படிகள் தொடங்கப்படுகின்றன. இக்கணக்கு இயல்பாக 15 நொடிக்கு ஒருமுறை நிகழ்கின்றது. கூட்டம் குறைந்தவுடன் படிகள் உடனே குறைக்கப்படுவதில்லை. இயல்பாக 5 நிமிடங்கள் பார்த்திருந்தே குறைக்கப்படுகின்றன.

இது கேட்பதற்கு இனிதாயினும், ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு படியும் தரவுத்தளத்துடன் 20 இணைப்புகள் வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். நான்கு படிகளுக்கு 80 இணைப்புகள். ஆறு படிகளுக்கு 120. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் இயல்பான அமைப்பில் 100 இணைப்புகளையே ஏற்கும். ஆகவே, கூட்டத்தைத் தாங்குவதற்காகப் படிகளைப் பெருக்கிய செயலே தரவுத்தளத்தின் கதவை அடைத்துவிடுகின்றது. வாய்க்கால்களை அகலப்படுத்திவிட்டு மதகை அவ்வாறே விட்டதற்கு ஒப்பாகும் இது. முன்னே உள்ளதைப் பெருக்குமுன் பின்னே உள்ளது தாங்குமா எனக் கணக்கிடுதல் வேண்டும். நெருக்கடி நாளுக்கு முன்னரே அதே அளவு கூட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதித்தலும் வேண்டும். திரள் அமைத்தமையாலேயே இச்சோதனை வேண்டாதாகிவிடுவதில்லை.

சேவை நில்லாமல் பழையதை மாற்றுதல்

முற்காலத்தில் செயலியைப் புதுப்பிக்க வேண்டுமாயின் நள்ளிரவில் அதனை நிறுத்தி, மாற்றி, மீண்டும் தொடங்குவர். திரளில் படிகள் பலவாதலின் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றலாம். எட்டுப் படிகள் இயங்குவதாகக் கொள்க. இயல்பான விதிப்படி, மாற்றம் நிகழும்போது கால் பங்கு வரை கூடலாம். கால் பங்கு வரை குறையலாம். அஃதாவது, எந்நேரத்திலும் பத்துக்கு மேற்படாமலும், ஆயத்தமாயிருப்பவை ஆறுக்குக் குறையாமலும் பார்த்துக்கொள்ளப்படுகின்றது. புதிய படி “ஆயத்தம்” என்று விடையளித்த பின்னரே அதற்கு வேண்டுகோள்கள் அனுப்பப்படுகின்றன. விடையளிக்காவிடின் மாற்றம் அவ்வளவில் நிற்கின்றது. பழைய படிகள் தொடர்ந்து சேவை செய்கின்றன. பிழை தெரிந்தால் முந்தைய படிமத்திற்கே திரும்பவும் இயலும்.

இதன் வெற்றி, நலம் கேட்கும் கேள்வி சரியாக அமைவதைப் பொறுத்தது. “ஆயத்தமா?” என்னும் கேள்வியும், “உயிருடன் உள்ளாயா?” என்னும் கேள்வியும் வேறு வேறு. முதற் கேள்விக்கு விடை இல்லையெனில் வேண்டுகோள்கள் நிறுத்தப்படும். இரண்டாவதற்கு இல்லையெனில் கொள்கலமே நிறுத்தி மீண்டும் தொடங்கப்படும். வேலைப் பளுவால் விடை தாமதித்த கொள்கலத்தை இறந்ததாகக் கருதி நிறுத்தினால், அதன் பளு மற்றவற்றின் மீது விழுந்து, அவையும் ஒவ்வொன்றாக வீழும். இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி வைத்தலால் நேரும் கேடு இது.

தரவுகளைப் பற்றிய எச்சரிக்கை

கொள்கலம் நீக்கப்பட்டால் அதனுள் எழுதப்பட்டவையும் நீங்கிவிடும். எனவே, நிலைத்திருக்க வேண்டிய விவரங்களைக் கொள்கலத்திற்கு வெளியே, நிலையான சேமிப்பகத்தில் வைத்தல் கட்டாயம். ஆசிரியர் ஏற்றிய படத்தைக் கொள்கலத்திற்குள்ளேயே சேமிக்கும் செயலி, அடுத்த புதுப்பித்தலின்போது அதனை இழந்துவிடும்.

மற்றொன்றும் கூறற்பாலது. பிரதி வேறு; காப்பு நகல் வேறு. ஒரு தரவுத்தளத்திற்கு மூன்று பிரதிகள் இருப்பின் ஒரு வட்டின் பழுதைத் தாங்கலாம். ஆனால் எவரேனும் தவறுதலாக ஒரு மாவட்டத்தின் பதிவுகளை அழித்தால், அவ்வழிப்பு மூன்று பிரதிகளிலும் உடனே நிகழும். தனியிடத்தில், தனிக் காலத்தில் எடுக்கப்பட்ட காப்பு நகலே அப்போது உதவும். அந்நகலிலிருந்து மீட்க இயலுமா என்று அவ்வப்போது மீட்டுப் பார்த்தாலன்றி, அதனை நகல் என்று நம்புவதற்கில்லை.

பாதுகாப்பு

கொள்கலத்துடன் துணை மென்பொருள்களும் அடைபட்டு வருவதால் ஒரு தீமையும் உண்டு. பழைய பதிப்பிலுள்ள குறையும் உடன் அடைபட்டு வருகின்றது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் துணை மென்பொருளில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, சர்வரில் மட்டும் திருத்தம் செய்தல் போதவில்லை; அதனை உள்ளடக்கிய ஒவ்வொரு படிமத்தையும் கண்டுபிடித்து மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. எப்படிமத்தில் எவ்வெவை உள்ளன என்று பட்டியல் வைத்திருந்தோர் விரைந்து செய்தனர். வையாதோர் தேடித் தேடிச் செய்தனர்.

கடவுச்சொற்களைப் படிமத்திற்குள் எழுதி வைத்தல் கூடாது. கீழடுக்கில் எழுதி மேலடுக்கில் அழித்தாலும் கீழடுக்கில் அது இருந்தே தீரும். குபெர்னெட்டிஸ் கடவுச்சொற்களுக்கென சீக்ரெட் என்னும் தனியிடம் அளிக்கின்றது. எனினும் இயல்பான அமைப்பில் அவை பேரேட்டில் மறையாக்கம் செய்யப்படாமலேயே எழுதப்படுகின்றன. மறையாக்கத்தைத் தனியே ஏற்படுத்த வேண்டும். 2018 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனத்தின் திரள் ஒன்றின் மேற்பார்வைப் பலகை கடவுச்சொல் இன்றித் திறந்திருந்ததும், அயலார் அதனுள் புகுந்து மறையீட்டு நாணயம் ஈட்டும் கணக்கீட்டிற்கு அத்திரளைப் பயன்படுத்தியதும் வெளிவந்தன. திரள் எவ்வளவு ஆற்றலுடையதோ, அவ்வளவு கவனத்துடன் அதன் வாயில் காக்கப்பட வேண்டும்.

எவ்விடத்துத் திரள் வேண்டா?

புதியது என்பதனாலேயே ஒன்றை மேற்கொள்ளுதல் அறிவுடைமையன்று. நாளொன்றுக்குச் சில நூறு பேர் பயன்படுத்தும் அலுவலகச் செயலிக்கு ஒரு நல்ல கணினியும், அதில் ஓரிரு கொள்கலங்களும், தவறாது எடுக்கப்படும் காப்பு நகலும் போதுமானவை. திரளை நடத்துவதற்குப் பயிற்சி பெற்றோர் இடையறாது வேண்டும். அம்மென்பொருளும் ஆண்டில் சில முறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. பழைய பதிப்புகளுக்குரிய திருத்தங்கள் ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நின்றுவிடுகின்றன. பேணுவோர் இன்றித் திரளை மட்டும் அமைத்தல், ஓட்டுநர் இன்றிப் பேருந்து வாங்குவதாகும். கொள்கலத்தால் வரும் நன்மையைத் திரள் இன்றியும் பெறலாம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் பெருந்தொகையினர் பயன்படுத்தும் சேவைகளுக்குத் திரள் முறை பொருந்துவதே. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்று, ஆசிரியர்கள் நன்கறிந்துள்ள தீக்ஷா என்னும் கல்வித் தளம், சன்பேர்ட் என்னும் திறந்தநிலை மென்பொருளின் மீது அமைந்தது. அம்மென்பொருள் பல சிறு சேவைகளாகப் பிரிக்கப்பட்டு, கொள்கலங்களாக இயங்குமாறு ஆக்கப்பட்டுள்ளது. இதனால் பாடங்களைத் தேடும் பகுதிக்குப் பளு மிகுமாயின் அதனை மட்டும் பெருக்க வழியுண்டு.

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன.

செயலி பிழை காட்டும்போது அதன் எண்ணைக் கவனிக்க. 400 முதல் 499 வரையுள்ள எண்கள் பெரும்பாலும் அனுப்பிய விவரத்திலோ, நுழைவு உரிமையிலோ, முகவரியிலோ உள்ள குறையைக் காட்டும். 500 முதலியவை சர்வர்ப் பக்கத்துக் குறையைக் காட்டும். 503 எனில் சேவை தற்காலிகமாக இல்லை. சில நிமிடங்கள் பொறுத்து முயல்க. ஓயாது மீண்டும் மீண்டும் அழுத்துதல் பளுவை மிகுவித்து மீட்சியைத் தாமதப்படுத்தும். 504 எனில் விடை உரிய நேரத்தில் வரவில்லை என்றே பொருள். விவரம் சேமிக்கப்பட்டிருத்தலும் கூடும். ஆதலின் மறுமுறை அனுப்புமுன் முன்னது பதிவாயிற்றா என்று பார்த்தல் நன்று. இன்றேல் ஒரே பதிவு இருமுறை ஏறும்.

முறையீடு அனுப்பும்போது “செயலி வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதுவது பயன் தராது. நாள், மணி, நிமிடம், பிழையின் எண், செய்துகொண்டிருந்த காரியம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பல படிகளாக இயங்கும் செயலியில் ஒரு படியில் மட்டும் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க நிமிடக் குறிப்பே திறவுகோலாகும். செயலி அமைப்போரிடம் கருத்துக் கூறும் வாய்ப்பு நேர்ந்தால், தொடர்பு இல்லாதபோது கைபேசியிலேயே சேமித்து வைக்கும் வசதியையும், ஒவ்வொரு பதிவிற்கும் மாறாத தனி எண் இடும் முறையையும் கேட்டுப் பெறுக. தரவு மையத்திலுள்ள திரள் எவ்வளவு சிறந்ததாயினும், மலையடிவாரத்துச் சிற்றூரில் இல்லாத அலைவரிசையை அது உண்டாக்காது.

ஆசிரியர்கள் இக்கருத்தினை வகுப்பில் எளிதாக விளக்கலாம். “மூவர் நிற்க வேண்டும்” என்று கரும்பலகையில் எழுதுக. ஒரு மாணவனைக் கண்காணிப்பவனாக நியமித்து, மூவரை நிற்கச் செய்க. நிற்போருள் ஒருவனை அமரச் செய்தவுடன், கண்காணிப்பவன் யார் அமர்ந்தார் என்று கேளாமல், எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு வேறொருவனை எழுப்ப வேண்டும். பின்பு மூன்றினை ஐந்தாகத் திருத்துக. எவருக்கும் தனித்தனி ஆணையிடாமலே இருவர் மேலும் எழுவர். கண்காணிப்பவனையே அமரச் செய்தால் நிகழ்வது என்ன என்று கேட்டால், நிற்போர் நின்றுகொண்டேயிருப்பர், ஆனால் குறை நேர்ந்தால் நிரப்புவார் இரார் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். உண்மைத் திரளிலும் மேற்பார்வைப் பகுதி நின்றால் நிகழ்வது அதுவே.

பெட்டியின் அளவை ஒன்றுபோலாக்கியமையால் கடல் வாணிகம் மாறியது. அவ்வாறே மென்பொருளின் சிப்பத்தை ஒன்றுபோலாக்கியமையால் இணையச் சேவைகளின் அமைப்பு மாறியுள்ளது. விழுந்ததைத் தூக்கி நிறுத்துதல், கூட்டம் வந்தால் பெருக்குதல், நில்லாமல் புதுப்பித்தல் ஆகிய மூன்றையும் இம்முறை செய்யவல்லது. எதனைச் சேமிக்க வேண்டும், எவரை உள்ளே விட வேண்டும், தரவுத்தளம் எவ்வளவு தாங்கும் என்பனவற்றை முன்கூட்டி எண்ணித் துணிவது மனிதர்க்குரிய கடமையாகவே உள்ளது. அக்கடமை நன்கு நிறைவேறினால்தான் கடைசி நாளன்று விண்ணப்பம் அனுப்பும் மாணவனுக்கு உரிய நேரத்தில் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்.